குழலும் முழவும்: கறுப்பின இருவரிசையும் மலையகத் தப்பும்

ஜாஸ் இசையிற் சாக்சபோனும் முரசுத் தொகுதியும் மட்டும் எதிரெதிர் நிற்கும் இருவரிசையைப் பற்றி எழுதுவோர், பெரும்பாலும் ஓர் எளிய விளக்கத்துடன் அமைதி காண்பர். சாக்சபோன் ஐரோப்பா, முரசு ஆபிரிக்கா, இரண்டும் சந்திக்குமிடத்தே கறுப்பின மக்களின் இரட்டை உள்ளம் வெளிப்படுகிறது என்பதே அவ்விளக்கம். கேட்க இனிதாயினும் கருவிகளின் வரலாறு இதற்கு இடந்தருவதில்லை. சாக்சபோன், பெல்ஜியரான அடோல்ப் சாக்ஸ் 1846இற் பாரிஸிலே காப்புரிமை பெற்ற கருவி என்பது மெய்யே. ஆயின் முரசுத் தொகுதியும் ஆபிரிக்காவிலிருந்து வந்ததன்று. பெருமுரசு ஐரோப்பிய இராணுவ வாத்தியக் குழுவினது. தாளத் தகடுகள் துருக்கிய மரபின. இவற்றை ஒருவரே கையாலும் காலாலும் இயக்குமாறு இணைத்தது அமெரிக்கா. ஆபிரிக்கா கருவியில் இருக்கவில்லை. அடித்த கையிலும் ஊதிய மூச்சிலும் இருந்தது.

அது அவ்வாறு கைக்குள் ஒடுங்கியமைக்குக் காரணம் உண்டு. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதை விலக்கிற்று. அச்சட்டம் முரசுடன் கொம்பையும் சேர்த்தே விலக்கியது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஊதுவதும் அறைவதும் அடிமையின் கையில் ஒருசேரக் குற்றமாயின. குழலும் முழவும் பிற்காலத்தில் துணைக்கருவி எதுவுமின்றித் தனித்து நின்றதை, இப்பின்னணியை மறந்து வெறும் வடிவப் பரிசோதனையாகக் கொள்வது பொருந்தாது.

இவ்வடிவின் உச்சம் எனத் தக்கது, ஜோன் கோல்ட்ரேன் ரஷீத் அலியுடன் 1967 பெப்ரவரி 22இற் பதிவு செய்த 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்'. அவ்வாண்டு ஜூலையிற் கோல்ட்ரேன் மறைந்தார். இசைத்தட்டு 1974இலேயே வெளிவந்தது. பியானோ இல்லை, பாஸ் இல்லை. வழக்கமாக முரசு தாளத்தைக் காக்க, அதன்மீது குழல் நடக்கும். அலியோ தாளத்தை எண்ணித் தருபவரல்லர். ஒரே வேளையிற் பல திசைகளிற் பாயும் ஒலியலையாக அதனைச் சிதறவிடுகிறார். நிலைகொள்ளத் தரையில்லாத குழல், தன் நிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டியதாகின்றது. கோல்ட்ரேன் தம் கையாற் சிறுமணிகளைக் குலுக்கிய பின்னரே ஊதத் தொடங்குவதும் கவனிக்கத்தக்கது. ஊதுபவர் தாளக்காரரும் ஆகிறார். ஐரோப்பா, ஆபிரிக்கா என்ற பங்கீடு அம்மணியோசையிலேயே குலைந்துவிடுகிறது.

கறுப்பின மனிதன் தன்னைத் தன் கண்ணாலும் பிறர் கண்ணாலும் ஒருங்கே காண நேர்ந்த நிலையை 1903இல் டுபோய்ஸ் இரட்டை உணர்வு என்றார். அது இருவர் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டன்று. ஒவ்வொருவருள்ளும் இருக்கும் இரண்டு. இவ்வுண்மையை மக்ஸ் ரோச் நன்கறிந்தவர். ஆர்ச்சி ஷெப்புடன் அவர் 1976இற் பதிவு செய்த 'போர்ஸ்', அவ்வாண்டின் தென்னாபிரிக்க எழுச்சியை நினைவுகூர்வது. அதில் அரசியல் அறைகூவல் சிற்சில வேளை இசையை முந்திவிடுகிறது எனலாம். 1979இற் சுவிற்சர்லாந்தின் வில்லிசோவில் இருவரும் நிகழ்த்திய 'த லோங் மார்ச்' அக்குறை குறைந்தது. எனினும் ரோச்சின் ஆழத்தை அறிய 1960இன் 'வீ இன்சிஸ்ட்' தட்டுக்கே திரும்பவேண்டும். அதிலுள்ள 'டிரைவா மான்' அடிமைகளை வேலை வாங்கிய மேற்பார்வையாளனைப் பற்றியது. ஐந்தெண்ணித் தாளத்தின் முதலடி ஒவ்வொன்றும் சாட்டை வீச்சாக விழுகிறது; கோல்மன் ஹோக்கின்ஸின் சாக்சபோன் அவ்வடிகளினூடே முனகுகிறது. சாட்டையை மறைக்காது அதனையே தாளமாக்கியதுதான் ரோச்சின் சாதனை.

மாத்தளை வாசகனுக்கு அந்த மேற்பார்வையாளனை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. கங்காணியை அவன் அறிவான். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, நோயிலும் பசியிலும் பலரைப் பறிகொடுத்த கூட்டங்கள் வந்தடைந்த மலைவாயில் மாத்தளை. அவ்வழியை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி ஆகஸ்டு 12இல் நிறைவுற்றதும் இங்கேயே. அவர்களோடு வந்தது தப்பு. ஆனால் இங்கு தோட்டம் அதனைத் தடைசெய்யவில்லை, வேலைக்கு அமர்த்திக்கொண்டது. விடியுமுன் ஆட்களைப் பிரட்டுக் களத்திற்கு அழைத்தது தப்பொலியே. காமன் கூத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் சாவுக்கும் அறைந்த அதே தோல், துரையின் கடிகாரமுமாயிற்று. அமெரிக்கத் தோட்டக்காரன் முரசுக்கு அஞ்சினான்; இலங்கைத் தோட்டக்காரன் அதன் பயனறிந்தான். இரண்டாவதே கொடிது எனத் தோன்றுகிறது. விலக்கப்பட்ட முரசு கலகத்தின் நினைவாக எஞ்சும். பணிக்கப்பட்ட முரசோ தன் மக்களுக்கே பகையொலியாகக் கேட்கக் கூடும். அதன்மேற் சாதியின் சுமை வேறு. அறைவது ஒரு பிரிவினரின் கடமையென விதித்தவர்கள் துரைமார் மாத்திரமல்லர்.

அண்மைக்காலத்திலே தப்பு பெருமையின் சின்னமாக மேடையேறியிருப்பது வரவேற்கத்தக்கதே. சீருடை உண்டு, ஆட்டம் உண்டு, கைதட்டலும் உண்டு. ஆயினும் மேடைகளிற் பெரிதும் கேட்பது திருவிழாவின் அடியே. தப்பினுள்ளே ஏற்கெனவே இருவரிசை உண்டு: மெல்லிய நெடுங்குச்சி ஒரு கையில், தடித்த குறுங்குச்சி மறு கையில். ஒன்று கூத்துக்கும் மற்றது பிரட்டுக்குமாக அவை ஒரே தோலில் ஒன்றையொன்று மறுத்துப் பேசும் ஓர் ஆற்றுகைக்கு இடமுண்டு. அந்த விடியற்காலை அடியை மேடைக்குக் கொணரும் கலைஞர், அதனைக் கேட்டு எழுந்து சென்ற முதியோர் முன்வரிசையில் அமர்ந்திருக்கையிலேயே அதனை அறையவேண்டியிருக்கும்.