இல்லாத பிப்ரவரி 29

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் ஒரு கட்டத்தில் 29 பிப்ரவரி 1900 என்று தேதி போட்டுப் பாருங்கள். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அப்படி ஒரு நாள் விடியவே இல்லை. நூற்றாண்டு வருஷம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் வருஷம். 1900 தேறாது. லோட்டஸ் 1-2-3 என்கிற பழைய மென்பொருளில் இருந்த பிழை இது. அதன் ஃபைல்கள் எக்ஸெல்லிலும் சரியாகத் திறக்க வேண்டுமே என்று மைக்ரோசாஃப்ட் தெரிந்தே பிழையையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

அது அவர்கள் பாடு என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம் ஃபைல் ஃபார்மட்.

நீங்கள் அடிக்கும் கடிதம் டிஸ்க்கில் வெறும் எண்களாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. எந்த எண் எந்த எழுத்து, எது தடித்த எழுத்து, பாரா எங்கே முடிகிறது என்கிற விதிகள்தான் ஃபார்மட். விதிகள் ஊரறிந்ததாக இருந்தால் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் மென்பொருள் எழுதலாம். ஒரு கம்பெனிக்கு மட்டும் தெரிந்தால் கடிதம் உங்களுடையது, சாவி அவர்களுடையது.

இதற்காகத்தான் 2005-ல் ஓப்பன் டாக்குமென்ட் ஃபார்மட் வந்தது. 2006-ல் ஐ.எஸ்.ஓ. அதை சர்வதேசத் தரமாக ஏற்றது. மைக்ரோசாஃப்ட்டின் பதில் ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல். ஃபைல் பெயரின் வாலில் டாக்எக்ஸ் என்று பார்க்கிறீர்களே, அதுதான். 2006-ல் வெளியான அதன் விளக்க ஏடு 6,000 பக்கங்களுக்கும் மேல். அதற்குள் 1900-ஐ லீப் வருஷமாகவே நடத்தவேண்டும் என்று விதி. 'வேர்ட் 95 மாதிரி இடைவெளி விடு' என்று ஒரு கட்டளை. வேர்ட் 95 எப்படி இடைவெளி விட்டது? அதைச் சொல்லக் காணோம். சமையல் குறிப்பில் 'எங்க பாட்டி போடற அளவுக்கு உப்பு' என்று எழுதுவது போல.

இந்தியா 2007-லும் 2008-லும் இதற்கு எதிராக ஓட்டுப் போட்டது. ஆனாலும் 2008-ல் ஐ.எஸ்.ஓ. தரமாக நிறைவேறியது. பழைய பாக்கிகளை 'ட்ரான்ஸிஷனல்' என்று தனியே ஒதுக்கி, சுத்தமானதற்கு 'ஸ்ட்ரிக்ட்' என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஸேவ் செய்தால் வேர்ட் இன்றும் எழுதுவது ட்ரான்ஸிஷனல்தான். தற்காலிகம் என்றால் பொதுவாக நிரந்தரம்.

ஒரு நியாயமும் சொல்லவேண்டும். பழைய டாக் ஃபைலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. டாக்எக்ஸ் ஃபைலின் வாலை ஸிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே உங்கள் வாக்கியங்கள் கண்ணால் படிக்கும்படி கிடக்கும். அவசரத்துக்கு அது போதும். என் புகார், தரம் என்ற பெயரில் ஒரு கம்பெனியின் பழைய பழக்கவழக்கங்களுக்கும் முத்திரை குத்தியது பற்றித்தான்.

தமிழர்களுக்கு இந்த அவஸ்தை புதிதல்ல. யூனிகோடு பரவுமுன் பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துக் குறியீடு. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் 'அம்மா' கூட ஆங்கில எழுத்துக்களின் அவியலாகத் தெரியும். 1999-ல் தமிழக அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக அறிவித்து, 2010-ல் யூனிகோடுக்கு வந்தது. குறியீட்டு அட்டவணை வெளியே தெரிந்த ஃபைல்களை மாற்றிகள் காப்பாற்றிவிட்டன. தெரியாதவற்றை எழுத்தெழுத்தாக ஊகிக்கவேண்டும். திறந்த ஃபார்மட்டுக்கு இதைவிட நல்ல வாதம் கிடையாது.

என்ன செய்யலாம்? வெறும் எழுத்து போதும் என்றால் யூனிகோடு டெக்ஸ்ட் ஃபைல். திருத்தவேண்டியது என்றால் ஓப்பன் டாக்குமென்ட்டில் ஒரு பிரதி. பத்திரம், சான்றிதழ் போல அப்படியே இருக்கவேண்டியது என்றால் பி.டி.எஃப்./ஏ. நீண்டகாலம் காப்பதற்கென்றே 2005-ல் ஐ.எஸ்.ஓ. தந்த வடிவம்.

இன்று ராத்திரி உங்களிடம் இருப்பதிலேயே பழைய ஃபைலைத் தேடித் திறந்து பாருங்கள். திறந்தால் உடனே ஒரு பிரதி. திறக்கவில்லை என்றால் அடுத்த பழையதை முயலுங்கள். எதிலிருந்து திறக்க ஆரம்பிக்கிறதோ, உங்கள் சரித்திரம் அந்த வருஷத்திலிருந்துதான்.