பழைய செவர்லே டிரக்குக்கு வீட்டிலேயே ஒரு ஃபேன் ஷ்ரவுட்

நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடுகிற வண்டி, சிக்னலில் நின்றால் சூடேறுகிறது. அமெரிக்காவில் 1947 முதல் 1955 தொடக்கம் வரை வெளிவந்த செவர்லே 3100 பிக்கப்பை இன்றும் ஓட்டுபவர்களுக்குப் பழக்கமான தலைவலி இது. அந்த வண்டி அறிமுகமானபோது அதில் இருந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், அதாவது மூன்றரை லிட்டர். பலர் அதை இறக்கிவிட்டு 5.7 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்துகிறார்கள். கழிக்கவேண்டிய வெப்பம் கூடிவிடுகிறது. ஃபேனும் பல வண்டிகளில் ரேடியேட்டரிலிருந்து சில அங்குலம் தள்ளி நின்றுவிடுகிறது.

ரேடியேட்டர் சதுரம், ஃபேன் சுற்றுவது வட்டம். ரேடியேட்டரில் காற்று ஊடுருவும் பகுதியான கோர் 20 அங்குலத்துக்கு 20 என்றால் பரப்பு 400 சதுர அங்குலம். 17 அங்குல ஃபேன் சுழலும் வட்டமோ சுமார் 227தான். வண்டி நிற்கும்போது நான்கு மூலைகளிலும் காற்று சரியாக ஓடாது. அது மட்டுமல்ல, ஃபேன் தள்ளிய சூடான காற்றே இறக்கைகளின் ஓரமாகத் திரும்பி வந்து மறுபடியும் உள்ளே போகும். இரண்டையும் தடுப்பதுதான் ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே வரும் உறையான ஷ்ரவுட்டின் வேலை.

கடையில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் ஷ்ரவுட் கிடைக்கும். ஆனால் எஞ்சின் மாற்றிய வண்டியில் ஃபேனின் மையமும் ரேடியேட்டரின் மையமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கையால் செய்ததற்கு மதிப்பு இங்கேதான்.

முதலில் அட்டையில் மாதிரி. ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தை அளந்து அட்டையை வெட்டி, ஃபேன் ஹப்பையே மையமாக வைத்து வட்டத்தைக் குறிக்க வேண்டும். ஓட்டை ஒரு பக்கமாகவோ சற்றுக் கீழேயோ விழுந்தால் விழட்டும், அதுதான் சரியான இடம். மாதிரி பொருந்திய பிறகு 18 கேஜ் இரும்புத் தகட்டில் வெட்டலாம். தகடு மடக்கும் மெஷின் இல்லாதவர்கள் இரண்டு ஆங்கிள்களுக்கு நடுவே தகட்டை வைத்து, சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, மரச்சுத்தியலால் தட்டி மடக்குகிறார்கள். ஓட்டையைச் சுற்றி இரண்டங்குலப் பட்டை ஒன்றை வளையமாக வளைத்து பாப் ரிவெட் அடித்தால் வடிவம் வந்துவிடும்.

பார்வைக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, மூன்று அளவுகள் பிசகக் கூடாது. இறக்கையின் அகலத்தில் பாதி வளையத்துக்குள்ளும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். முழுக்க உள்ளே போய்விட்டால் காற்று பின்னால் விலகிப்போக இடமில்லை. இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி வேண்டும். ரேடியேட்டர் வண்டியின் சட்டத்தோடு இறுகி நிற்கிறது, எஞ்சினோ ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்து ஆடுகிறது. நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று தட்டினால் எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவது கண்ணுக்கே தெரியும். அந்த ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான் இந்த ஓர் அங்குலம். மூன்றாவது, தகடு கோரை ஒட்டிப் படுக்கக் கூடாது. இரண்டங்குலமாவது தள்ளி இருந்தால்தான் மூலைக் காற்று ஃபேனை நோக்கி நகரும். கோரின் துடுப்புகளில் துளை போடவே கூடாது, பக்கச் சட்டத்தில் மட்டுமே போல்ட். சட்டத்தை ஒட்டும் விளிம்பில் ரப்பர் பட்டை வைத்தால் காற்று கசியாது, தகடும் அதிராது. கீழ்ப்பாதியைத் தனியாகக் கழற்றும்படி இரண்டு துண்டாகச் செய்துவிட்டால், பெல்ட் மாற்ற ஃபேனைக் கழற்ற வேண்டியதில்லை.

பலன் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, கிரில்லுக்குப் பின்னே கோரின் மூலையில் ஒரு தாளைப் பிடித்துப் பார்க்கலாம். ஷ்ரவுட் இல்லாதபோது தொங்கும் தாள், சரியாகப் பொருத்திய பின் கோரோடு ஒட்டிக்கொள்ளும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது வெப்பமானி முள் ஏறாமல் நிற்கிறதா என்பதுதான் அடுத்த சோதனை.

பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினையே வைத்திருப்பவர்களுக்கு ஷ்ரவுட் இன்னும் பொருத்தம். அந்த வண்டிகளின் மின்சாரம் 6 வோல்ட். இன்று பரவலாகக் கிடைக்கும் 12 வோல்ட் எலெக்ட்ரிக் ஃபேனை அதில் அப்படியே இணைக்க முடியாது. பெல்ட்டில் ஓடும் பழைய ஃபேனின் முழுப் பலனையும் எடுப்பதே நல்ல வழி.

ஒரு குறை உண்டு. வேகத்தில் போகும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் பாயும். அப்போது ஃபேன் பெரிதாகத் தேவையில்லை, ஷ்ரவுட்டின் தகடு அந்தக் காற்றுக்குத் தடையாகவும் ஆகலாம். சில தொழிற்சாலை ஷ்ரவுட்களில் வேகத்தில் திறந்துகொள்ளும் ரப்பர் மடல்கள் இருப்பது இதற்காகத்தான். வீட்டில் செய்பவர்களும் மூலைகளில் அப்படி வைக்கலாம்.

நின்றால் மட்டும் சூடேறும் வண்டிக்கு இந்தத் தகட்டு வேலையைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். நெடுஞ்சாலையிலும் சூடேறினால் தகடு வாங்கும் முன் ரேடியேட்டர் அடைப்பு, உறிஞ்சப்பட்டு ஒட்டிப்போகும் கீழ் ஹோஸ், இக்னிஷன் டைமிங் மூன்றையும் பாருங்கள். அந்தக் கோளாறுகளை ஷ்ரவுட் தீர்க்காது.