ஹாதார்ன் ஆய்வில் விலக்கப்பட்டோர்: பணியாளர் நல ஆய்வுமுறை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

பணியாளர் நலனையும் தலைமைப் பண்பையும் இணைத்துப் பேசும் உளவியல் நூல்கள் பலவும் ஹாதார்ன் ஆய்விலிருந்தே தொடங்குகின்றன. சிகாகோவை அடுத்த சிசெரோவில் இயங்கிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடைபெற்ற இவ்வாய்வு, கனிவான மேற்பார்வை உற்பத்தியைப் பெருக்கும் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அச்சான்றின் வலிமையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

சோதனை அறையும் விளக்கமும்

1927இல் தொலைபேசி ரிலே பொருத்தும் பெண்கள் ஐவர் தனியறையில் அமர்த்தப்பட்டனர். ஓய்வு இடைவேளைகள் தரப்பட்டன, பணிநேரம் குறைக்கப்பட்டது. அச்சலுகைகள் நீக்கப்பட்ட கட்டத்திலும் உற்பத்தி உயர்ந்தே நின்றது. எனவே, மேற்பார்வையாளரின் அணுகுமுறையும் குழுவுணர்வுமே காரணம் என்னும் விளக்கத்தை எல்டன் மேயோவும் அவர் வழிவந்தோரும் நிலைநாட்டினர்.

விடுபட்ட காரணிகள்

இவ்விளக்கம் இரண்டு நிகழ்வுகளுக்கு உரிய இடம் தரவில்லை. ஒன்று, 1928 சனவரியில் ஐவருள் இருவர் மிகுதியாகப் பேசுகின்றனர், ஒத்துழைப்பதில்லை எனக் கூறி அகற்றப்பட்டனர். அவர்களுக்கு மாற்றாக வந்தவருள் ஒருவர் குடும்பப் பொருள் நெருக்கடிக்கு ஆளானவர்; ஏனையோரையும் அவரே விரைவுபடுத்தினார். மற்றொன்று, பெருங்குழு அடிப்படையிலான ஊக்க ஊதியம் சிறுகுழு அடிப்படைக்கு மாற்றப்பட்டது. ஊதியமுறையை மட்டும் இவ்வாறு மாற்றிய இன்னொரு குழுவில் உற்பத்தி 12 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. பழைய முறை திரும்பியதும் வீழ்ந்தது.

இச்செய்திகள் மறைக்கப்படவில்லை. ரோத்லிஸ்பெர்கர், டிக்சன் ஆகியோரின் 1939ஆம் ஆண்டு நூலிலேயே இவை இடம்பெற்றுள்ளன. தரவுகளுக்கும் முடிவுக்கும் இடையிலான இம்முரணை 1967இல் அலெக்ஸ் கேரி விரிவாகச் சுட்டினார். கனிவான மேற்பார்வைக்குப் பங்கே இல்லை என்று இதனால் முடிவுசெய்ய இயலாது. ஊதியம், அகற்றம் ஆகியவற்றிலிருந்து அதன் பங்கைப் பிரித்தறிய இவ்வாய்வில் வழியில்லை என்பதே கருதத்தக்கது.

முடிவுரை

கேரியின் மறுப்பு ஹாதார்னோடு முடிவதன்று. தலைமை குறித்த இன்றைய வினாநிரல் ஆய்வுகளும் பணியில் எஞ்சியோரிடமே நலனை அளக்கின்றன. எஞ்சுவோர் யாவர் என்பதைத் தீர்மானிப்பதில் அத்தலைமைக்கே பங்குண்டு. அளக்கப்படும் பொருளே அளவைக் குழுவையும் வடிவமைக்குமாயின், உயர்ந்த மனநிறைவு நல்ல தலைமையையும் காட்டலாம். மனக்குறை கூறியோர் அங்கில்லை என்பதையும் காட்டலாம். ஆகவே, விலகியோர், விலக்கப்பட்டோர் ஆகிய இரு சாராரையும் வேறுபடுத்திப் பதிவு செய்வதும், ஆய்வுக்கால ஊதிய மாற்றங்களைக் குறிப்பதும் இத்துறை ஆய்வுகளின் அடிப்படைக் கடமையாதல் வேண்டும்.