லூகர் பிஸ்டலை எண் பார்த்து ரசிப்பது எப்படி?

பழைய ராணுவத் துப்பாக்கிகளில் லூகர் அளவுக்குத் தன் கதையை உடம்பிலேயே எழுதி வைத்திருப்பது அபூர்வம். ஜார்ஜ் லூகர் வடிவமைத்த இந்தக் கைத்துப்பாக்கியை 1900-இல் சுவிட்சர்லாந்து ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1904-இல் ஜெர்மன் கடற்படையும் 1908-இல் தரைப்படையும் எடுத்துக்கொண்டன. தரைப்படைக்கு வந்த மாடல்தான் பி-08. சுட்டதும் முழங்கால் மடங்குவதுபோல மேல்நோக்கி மடங்கி எழும் மூட்டு, இதன் தனி அடையாளம்.

கையில் எடுத்தால் முதல் வேலை, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. தோட்டா இருந்தால் மேலே உள்ள கொக்கி சற்றே தூக்கிக்கொண்டு நிற்கும். அதன் பக்கவாட்டில் ‘கெலாடன்’, அதாவது ‘ஏற்றப்பட்டது’ என்ற எழுத்து தெரியும். அதை மட்டும் நம்பாதீர்கள். மேகசினைக் கழற்றி, மூட்டைப் பின்னுக்கு இழுத்து, கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்து மூட்டின் மேற்புறம். பின்னிப் பிணைந்த டி.டபிள்யூ.எம். எழுத்துகள் இருந்தால் அந்தப் பெயருள்ள தொழிற்சாலையின் தயாரிப்பு. கிரீடமும் எர்ஃபுர்ட் என்ற பெயரும் இருந்தால் பிரஷ்ய அரசின் ஆயுதச்சாலை. எஸ்/42 என்றிருந்தால் மௌசர். ஆயுத உற்பத்திக்கு வெர்சாய் ஒப்பந்தம் கட்டுப்பாடு போட்டிருந்த காலம் என்பதால், நிறுவனத்தின் பெயரைக் குறியீட்டால் மறைத்தார்கள். ஆண்டையும் மறைத்தார்கள்: கே என்றால் 1934, ஜி என்றால் 1935. 1936 முதல் ஆண்டை வெளிப்படையாகவே அடித்தார்கள். சிம்சன் என்ற பெயரைக் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். ஸூல் நகரில் இருந்த அந்த நிறுவனம் ஒரு யூதக் குடும்பத்துடையது. நாஜிகள் அதைப் பறித்துக்கொண்டார்கள்.

குழலின் பின்பக்கம், தோட்டா உட்காரும் அறைக்கு மேலே ஆண்டு இருக்கும். சிலவற்றில் 1917, அதற்கு மேல் 1920 என இரண்டு ஆண்டுகள். இரண்டாவது, தயாரித்த ஆண்டு அல்ல. முதல் உலகப் போருக்குப் பிறகு, இது அரசின் உடைமை என்று அடித்த முத்திரை.

இனிமேல்தான் உண்மையான சுவை. லூகரின் முழு எண் அடிச்சட்டத்திலும் குழலிலும் இருக்கும்; சின்னச் சின்ன பாகங்களில் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும். 4728 என்ற துப்பாக்கியின் விசையில், பாதுகாப்பு நெம்புகோலில், பக்கத் தகட்டில் எல்லாம் 28. அத்தனையும் ஒத்துப்போனால் தொழிற்சாலையில் ஒன்றாகச் சேர்ந்தவை பிரியவே இல்லை என்று பொருள். ஒன்றில் 28-க்குப் பதில் 61 இருந்தால், எங்கோ ஒரு பழுதுபார்ப்பு மேசையில் அது மாறியிருக்கிறது. மேகசினிலும் அதே எண் இருந்துவிட்டால் சேகரிப்பாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எண்ணோடு ஓர் எழுத்தும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் எட்டியதும் எண் மீண்டும் ஒன்றிலிருந்து, எழுத்துடன் தொடங்கும். அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து. அதனால் தயாரிப்பாளர், ஆண்டு, எழுத்து, எண் நான்கும் சேர்ந்தால்தான் ஒரு லூகரின் அடையாளம்.

விலையை அதிகம் கெடுப்பது துரு அல்ல, மெருகு. புதிதாய்ப் பளபளக்கச் செய்யும்போது எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, எண்கள் ஆழமிழந்து, பழைய நீலப்பூச்சு போய்விடுகிறது. 1937-க்கு முந்தியவற்றில் விசை, நெம்புகோல் போன்றவை வைக்கோல் நிறத்தில் இருக்கும். அவை கறுநீலமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தேய்ந்திருந்தாலும் பழைய பூச்சோடு இருப்பதற்கே என் மதிப்பெண். 1941, 42-ஐச் சேர்ந்த கறுப்புப் பிடி லூகர்களை ‘கரும் விதவை’ என்று சொல்லி விற்பார்கள். அது போருக்குப் பிறகு வியாபாரிகள் வைத்த பெயர். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. தர வேண்டியது, போரில் இதைக் கைப்பற்றிய சிப்பாய்க்கு மேலதிகாரி எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டு கூடவே வந்து, அதில் உள்ள எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றாக இருந்தால்.