ஏற்றப்பாட்டும் விளையாட்டு இசையும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துக் கண்ட நம் முன்னோர், இசை அரங்கிற்கு மட்டுமே உரியது என்று ஒருபோதும் கருதியதில்லை. தொட்டிலின் அருகே தாலாட்டு, நாற்றங்காலில் நடவுப்பாட்டு, கிணற்றடியில் ஏற்றப்பாட்டு என வாழ்வின் ஒவ்வொரு செயலுக்கும் அதற்குரிய இசையை அமைத்துக்கொண்டனர். அத்தகைய மரபில் வந்த நாம், இன்றைய இளைஞரின் செவியில் நாள்தோறும் ஒலிக்கும் ஓர் இசையை மட்டும் இசையென ஏற்கத் தயங்குகிறோம். வீடியோ விளையாட்டுகளின் இசையையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையானாலும் மூணாற்றுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பானாலும், கைப்பேசியில் விளையாடும் பிள்ளை இல்லாத வீடு அரிது. விளையாட்டை மூடிவைத்த பின்னும் அதன் மெட்டை அவர்கள் முணுமுணுக்கின்றனர். வசதியுள்ளோர் கீபோர்டில் வாசித்தும் பார்க்கின்றனர். மூத்தோராகிய நாமோ அதனை 'இரைச்சல்' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். இவ்வாறு ஒதுக்குதல் முறையா என்பதே இக்கட்டுரையின் வினா.

தொழிலோடு பிறந்த இசை

ஒரு கலையை அதற்குரிய அளவுகோலால் அளப்பதே திறனாய்வின் முதல் நெறி. கச்சேரியில் பாடப்படும் கீர்த்தனைக்குத் தொடக்கம், வளர்ச்சி, முடிவு ஆகியன உண்டு. ஏற்றப்பாட்டுக்கு அத்தகைய முடிவு கிடையாது. துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் சாலைக் கவிழ்த்து நீரை வாய்க்காலில் விடுவார். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கு பாட்டின் அடிகளுக்குள்ளேயே அமைந்திருக்கும். வயல் நிறைந்தால் பாட்டு நிற்கும். அதுவரை அது மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருக்க வேண்டும். நூறு முறை பாடினும் சலிக்காமையும், பாடுவோரின் கைகால்களைத் தன் தாளத்துக்குள் நிறுத்தி வைப்பதுமே அதன் சிறப்புகள்.

வீடியோ விளையாட்டின் இசையும் இவ்வினத்தைச் சார்ந்ததே என்பது நம் கருத்து. ஜப்பானில் 1978-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டில் இருந்தவை, தாழ்ந்து இறங்கும் நான்கே சுரங்கள். பகைவர் எண்ணிக்கை குறையக் குறைய அச்சுரங்களின் நடை விரைந்தது. அதனோடு ஆடுவோரின் நெஞ்சத் துடிப்பும் விரைந்தது. 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்குக் கோஜி கோண்டோ இசையமைத்தார். அதில் குறித்த நேரம் முடியும் தறுவாயில் மெட்டு திடுமென வேகங்கொள்கிறது. ஆடுவோரின் கையும் இசையின் காலமும் ஒன்றையொன்று நடத்திச் செல்வதைக் காண்கிறோம். துலாவின் மேல் நடந்த காலுக்கும் பாட்டுக்கும் இடையே இருந்த உறவும் இதுவேயன்றோ?

தளைக்குள் பிறந்த அழகு

அந்நாளைய கருவியின் வறுமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாரியோ விளையாட்டின் படம், விதிகள், இசை அனைத்தும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்திற்கே அதனினும் பன்மடங்கு இடம் வேண்டும். ஒலி எழுப்பும் பகுதியில் இருந்தவை ஐந்து குரல்களே. இரண்டு குரல்கள் மெட்டுக்கும் துணை மெட்டுக்கும், ஒன்று அடிச்சுரத்துக்கும், ஒன்று தாளத்தின் இரைவுக்கும் பயன்பட்டன; மற்றொன்று பதிவு செய்த சிறு ஒலிகளுக்கு உரியது. இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. ஆடுபவர் பொத்தானை அழுத்தி வீரனைத் தாவச் செய்யும்போது, தாவும் ஒலிக்காக மெட்டுக் குரல்களுள் ஒன்று கணநேரம் பறிக்கப்படும். பாடகருள் ஒருவரை எந்நேரமும் எவரேனும் வாய்பொத்தக் கூடும் என்பதை அறிந்தே அவ்விசை இயற்றப்பட்டது.

தளை பிழையாமல், சீர் மிகாமல், நான்கடிக்குள் உலகியலைச் சொல்லிய வெண்பாவைப் போற்றும் நமக்கு இவ்வருமை எளிதில் விளங்கும். கட்டுப்பாடு கலைஞனைச் சுருக்குவதில்லை. வேண்டாதவற்றைக் களையுமாறு அவனைப் பழக்குகிறது. கோண்டோவின் அம்மெட்டை அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2023-ஆம் ஆண்டு தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் வீடியோ விளையாட்டு இசை அதுவே.

விளையாட்டு இசை யாவும் சிறந்தது என்று நாம் வாதிடவில்லை. பத்தாம் முறை கேட்டதும் தலைநோவு தருவன பல. இக்காலத்தில் கருவிக்கு எல்லையில்லாமற் போனதால், பெரிய இசைக்குழுவின் முழக்கத்தைக் கொட்டி நிரப்பிவிட்டு, மனத்தில் நிற்கும் ஓர் அடியும் இன்றி அமைவனவும் உண்டு. நூறாம் முறையும் சலியாமை, செயலோடு பொருந்துதல் ஆகிய இரண்டே இதற்குரிய உரைகற்கள். இவற்றில் உரைத்துப் பார்த்தே நல்லதை நல்லது என்று கூறல் வேண்டும்.

மூலமும் உரையும்

இனி, ரசிகர்கள் தாமே செய்யும் ரீமிக்ஸ் என்னும் மறுவார்ப்பைக் காண்போம். விளையாட்டில் கேட்ட மெட்டை வேறு கருவியில், வேறு காலப்பிரமாணத்தில், சில வேளை வேறு சுரச் சேர்க்கையில் அமைத்து, ஊதியம் கருதாது பிறர்க்கு வழங்குவது இவர்தம் வழக்கம். 'பிறர் பொருளை எடுத்தாளும் இவர்க்குச் சொந்தச் சரக்கு இல்லையோ?' என்று வினவுவோர் உளர். திருக்குறளுக்கு உரை கண்ட பதின்மரைப் பார்த்து நாம் அவ்வாறு வினவுவதில்லையே! பரிமேலழகர் ஒரு குறளையும் புதிதாக இயற்றவில்லை. எனினும் அவர் உரையின்றிக் குறளின் ஆழங்கள் பல நமக்குப் புலப்பட்டிரா. மறுவார்ப்பு, இசையால் எழுதப்படும் உரையாகும்.

உரையில் நல்லுரையும் போலியுரையும் உண்டு. 'டெட்ரிஸ்' விளையாட்டின் வழியே உலகெங்கும் பரவிய மெட்டு, 'கொரோபெய்னிகி' என்னும் ரஷ்ய நாட்டுப்பாடலுக்கு உரியது. நெக்ரசோவ் என்னும் கவிஞர் 1861-இல் வெளியிட்ட கவிதையை ஒட்டி எழுந்த அப்பாடல், ஊர் ஊராகச் சரக்குச் சுமந்து விற்கும் வணிகரைப் பற்றியது. 1989-இல் கையடக்கக் 'கேம் பாய்' கருவிக்காக ஹிரோகாசு தனாகா அதனைச் சில குரல்களில் அடக்கினார். சொற்கள் நீங்கின, ஆயினும் நடந்துகொண்டே இருப்பவனின் ஓயாமை, விழுந்துகொண்டே இருக்கும் கட்டைகளுக்குப் பொருந்தி நின்றது. இது நல்லுரை. 1992-இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர், நைஜல் ரைட் இருவரும் 'டாக்டர் ஸ்பின்' என்ற பெயரில் அதே மெட்டை நடன இசையாக்கினர். இசைத்தட்டு நன்கு விற்பனையாயிற்று. எனினும் அதில் முழவோசை மிகுந்ததேயன்றி, மெட்டைப் பற்றி நாம் புதிதாக அறிந்துகொண்டது ஏதும் இல்லை. சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்துவிட்டு விளக்கம் என்று பெயரிடும் உரைக்கு இதனை ஒப்பிடலாம்.

நல்ல மறுவார்ப்பாளர் ரசிகர் நிலையில் நின்றே ஆசிரியரின் மதிப்பையும் பெறுவது உண்டு. 2008-இல் காப்காம் நிறுவனம் தன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டு ஒன்றைப் புதுப்பித்தபோது, அதன் இசையை மறுவார்க்கும் பணியை, ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் என்னும் ரசிகர் குழுவினரிடமே ஒப்படைத்தது. உரையாசிரியரை மூலநூலார் தம் அவைக்கு அழைத்தமை போன்றது இது.

நம் எல்லையில் இம்மரபு

மெட்டை எடுத்து ஆளுதல் நம் மண்ணுக்குப் புதிதும் அன்று. தேவிகுளத்தில் 1958-இல் நடந்த இடைத்தேர்தலின்போது பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் இம்மலைகளில் மேடை மேடையாகப் பாடினார். மக்கள் நாவில் பழகிய திரைப்பட மெட்டுகளில் தம் கட்சியின் சொற்களை ஏற்றிப் பாடுவது அவர் முறை. அறிந்த மெட்டு கேட்போரை ஈர்த்தது. அறியாத பொருள் அவர்களை எண்ண வைத்தது. அவர் குழுவோடு ஊர்தோறும் திரிந்து இசை பயின்ற தம்பியே பின்னர் இளையராஜாவாக உலகம் அறிய விளங்கினார். மறுவார்ப்பு ஒரு பள்ளிக்கூடமாகவும் அமையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர் எம்.எஸ்.விசுவநாதன். 'சொர்க்கம்' (1970) படத்தில் அவர் அமைத்த பாடல் ஒன்றை 2007-இல் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் ஏ.ஆர்.ரகுமான் ரீமிக்ஸ் செய்தார். 37 ஆண்டுகள் கழிந்தும் அம்மெட்டு புதிய தலைமுறையின் கால்களுக்கு இடங்கொடுத்தது. திரையுலகில் முறைப்படி நிகழும்போது நாம் ஏற்கும் ஒன்றை, வீட்டுத் திண்ணையில் ஒரு மாணவன் செய்யும்போது இகழ்வது நடுநிலை ஆகாது.

'வெண்பா' என்னும் விளையாட்டு

இவ்விசையுலகில் தமிழுக்கு இடம் உண்டோ என்று ஐயுறுவார்க்கு 2023-ஆம் ஆண்டு ஒரு விடை கிடைத்தது. கனடாவின் டொராண்டோவில் இயங்கும் 'விசை' நிறுவனம் 'வெண்பா' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. 1980-களில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தலைவியின் பெயரே வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்திருக்க, அழிந்த வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் சமைப்பதே ஆட்டம். மகனோ வளர வளரத் தாய்மொழியினின்று விலகிச் செல்கிறான்.

சமைக்கும்போது வானொலி பாடுகிறது. ஆல்ஃபா சம்திங் என்னும் பெயரில் இசையமைப்பவர் அப்பாடல்களை அமைத்துள்ளார். தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலத்து மேதைகளின் பாணியை ஒவ்வொரு பாடலும் வணங்கி நிற்கிறது. தேவா தாமே ஒரு பாடலைப் பாடியும் இருக்கிறார். எந்தப் பழம்பாடலும் இங்கு அப்படியே எடுத்தாளப்படவில்லை. ஒரு காலத்தின் குரல், கருவி, பதிவின் தன்மை ஆகியவற்றை உள்வாங்கிப் புதிதாகப் படைத்தமையால், இதனை மறுவார்ப்பின் முதிர்ந்த நிலை எனலாம். குறிப்பேட்டின் அழிந்த வரியைக் கை தேடுகிறது. தொலைவில் விட்டுவந்த ஊரைச் செவி தேடுகிறது. கையின் தொழிலும் பாட்டின் பொருளும் ஒன்றாகிவிடும் இவ்விடத்தில் ஏற்றப்பாட்டின் இலக்கணம் முழுமை பெறுகிறது. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இவ்விளையாட்டிற்குச் சிறந்த முதற்படைப்புக்கான விருதை வழங்கியது.

கவினின் நிலை டொராண்டோவுக்கு மட்டும் உரியதன்று. 1956-இல் மாநில எல்லைகள் வரையப்பட்டபோது சித்தூரும் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. வீட்டில் தமிழும், கடைத்தெருவில் மலையாளமும், படிப்பில் பெரும்பாலும் ஆங்கிலமுமாக நம் பிள்ளைகள் வளர்கின்றனர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளையும் தமிழ்ப் பாட்டைத் தடுமாறாது பாடுகிறது. மொழி வாசல் வழியே வெளியேறும் வீட்டில் இசை சாளரம் வழியே அதனைத் திரும்பக் கொணரக்கூடும். அச்சாளரத்தையும் 'இரைச்சல்' என்று அடைத்துவிட்டால் இழப்பு நமக்கே.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு அமைகிறோம். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் இசைப் போட்டிகளில் மறுவார்ப்புக்கும் ஓர் இடம் தருதல் வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் போதும். முதலாவது, மூலத்தின் பெயரையும் அதன் ஆசிரியர் பெயரையும் அவையில் அறிவித்த பின்னரே இசைத்தல். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், பிறர் பாடலை மீளப் பதிவு செய்வோர் அதில் மாற்றம் செய்ய உரிமையாளரின் இசைவு பெற வேண்டும் எனக் கூறுகிறது. ஒலிப்பதிவாக வெளியிட விழைவோர் இதனையும் அறிந்திருத்தல் நன்று. இரண்டாவது, மூலத்தில் எதனைக் கண்டு இம்மாற்றம் செய்தேன் என்று இசைத்தவர் தமிழில் ஐந்து நிமிடம் எடுத்துரைத்தல். உரையாசிரியர் மரபு நம்முடையது. அம்மரபை அவர்தம் கீபோர்டின் மேல் ஏற்றி வைப்போம். கேட்கும் பொறுமை மட்டும் நம்மிடம் இருந்தால் போதும்.