பச்சோந்திக்குப் பட்டியல் சாப்பாடு

பச்சோந்தி என்ன தின்னும்? இந்தக் கேள்விக்குப் புத்தகங்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பதில் சொல்லி வருகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி தமது ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலில், அது உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை, காற்றே அதன் ஆகாரம் என்று எழுதிவைத்தார். சிரித்துவிடாதீர்கள். கிளையில் மணிக்கணக்காக அசையாமல் இருக்கும் பிராணி அது. நாக்கு பாய்ந்து பூச்சியைத் தொடுவதோ கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு கணத்தைத் தவறவிட்டவருக்கு அது காற்றைத் தின்பதாகத்தான் தோன்றும்.

1646இல் தாமஸ் பிரவுன் என்னும் ஆங்கில மருத்துவர், மக்களிடையே உலவும் தவறான நம்பிக்கைகளை ஆராயும் நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் இந்தக் காற்றுக் கதைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. பல்லும் நாக்கும் வயிறும் குடலும் உள்ள பிராணிக்குக் காற்றுதான் உணவென்றால் இந்த உறுப்புகளெல்லாம் எதற்கு என்பது அவர் வாதம். அதோடு, இது நெடுநாள் பட்டினி தாங்கக்கூடியது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். பிழையை மறுப்பதோடு நில்லாமல், அது எப்படிப் பிறந்திருக்கும் என்பதற்கும் இடம் கொடுத்த எழுத்து அது.

இன்றைய வளர்ப்புக் கையேடுகளிடம் அந்தப் பொறுமையை நான் காணவில்லை. அவை நேர் எதிர்த் திசையில் போகின்றன. ஒரே பூச்சியைக் கொடுக்காதீர்கள், சிள்வண்டு, கரப்பான், மாவுப்புழு, மெழுகுப்புழு, பட்டுப்புழு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்று பட்டியல் போடுகின்றன. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் பூச்சியின் பெயர் மாறினால் சத்தும் மாறிவிடுமா?

கணக்கைப் பாருங்கள். ஊர்வனவற்றின் உணவில் கால்சியம் பாஸ்பரசுக்குச் சமமாகவாவது இருக்கவேண்டும். ஒன்றரை, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. பண்ணையில் வளரும் சிள்வண்டிலோ பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல ஏழெட்டு மடங்கு. மெழுகுப்புழுவும் ஏறக்குறைய அப்படியே. மாவுப்புழுவில் பதினைந்து மடங்குக்கும் மேல். ஆக, மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் பச்சோந்திக்குக் கிடைப்பது மூன்று பெயர் கொண்ட ஒரே குறைபாடுதான். எலும்பு மெலிந்து கால் வளையும்; தாடை இளகும்; பிறகு நாக்கை நீட்டி இரை பிடிக்கவும் முடியாமல் போகும். நல்ல கையேடுகள் இதை அறிந்து, பூச்சிக்கு முதலில் கீரையும் காயும் ஊட்டு, மேலே சுண்ணாம்புச்சத்துப் பொடி தூவு என்கின்றன. அதுதான் தலையாய செய்தி. அதை எங்கோ ஒரு மூலையில் போட்டுவிட்டுப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதுதான் என் குறை.

இன்னொன்றும் உண்டு. உண்ட சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேர டி3 வைட்டமின் வேண்டும். அதைத் தோலில் உண்டாக்குவது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளைக் கொண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. உணவில் டி3 குறைந்தவை அந்தக் கதிர் விழும் இடத்தை நாடிக் கூடுதலாக நின்றன. நிறைய உண்டவை விலகி நின்றன. எனவே வெயிலும் அதன் சாப்பாட்டில் ஒரு பங்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கதிர் பெரும்பாலும் நுழைவதில்லை.

நெட்டப்பாக்கம் பக்கத்து மாணவர் ஒருவர் இத்தகைய கையேட்டைக் கைப்பேசியில் படித்துவிட்டு வேலியில் தேடப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் அகப்படுவது பெரும்பாலும் ஓணானாகவே இருக்கும். நிறம் மாறுவதால் அதையும் பச்சோந்தி என்று சொல்லிவிடுகிறார்கள். இதில் புதுச்சேரிக்கு ஒரு பெருமையும் இருக்கிறது: 1802இல் பிரெஞ்சு அறிஞர் தோதான், பல நிறத்தது என்னும் பொருளில் வெர்சிகலர் என்று பெயரிட்ட ஓணானுக்குப் புதுச்சேரிதான் மூல ஊர். கண் கூம்புபோல் துருத்தித் தனித்தனியே சுழன்றால், விரல்கள் இடுக்கிபோல் இரண்டு பிரிவாகச் சேர்ந்திருந்தால், வால் சுருண்டால் மட்டுமே அது பச்சோந்தி. (அரசியல் மேடையில் திட்டு வாங்குவதும் இதுதான், பாவம்.)

பச்சோந்தியே கிடைத்துவிட்டாலும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் அடைத்து வளர்ப்பதும் குற்றம். கையேடுகள் பேசுவது பண்ணையில் பிறந்த பாந்தர், யேமன் இனங்களைப் பற்றி. யேமன் இனம் இலையும் தின்னும். நம்முடையது பூச்சிகளை நம்பி வாழ்வது. ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றுக்குச் சொல்லும்போது இந்த வேறுபாட்டை ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்க வேண்டாமா?

கரும்புக் கொல்லை ஓரத்து வேலியில் வெட்டுக்கிளியும் ஈயும் வண்டும் வெவ்வேறு செடியைத் தின்று, வெவ்வேறு சத்தை வயிற்றில் சுமந்து வருகின்றன. கையேடு பொடி தூவிச் செய்ய முயல்வதை வேலி சும்மா செய்கிறது. பூச்சிமருந்து தெளித்த வாரத்தில் அந்தப் பந்தி கலைந்துவிடும் என்பதையும் எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

பார்க்க விரும்பினால் இரவில் டார்ச் விளக்கும் பெரியவர் ஒருவர் துணையும் கொண்டு செல்லுங்கள். உறங்கும் பச்சோந்தி வெளிறிப்போய், கிளை நுனியில் பளிச்சென்று தெரியும். தொடவேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு காலையில் வெயில் ஏறியதும் திரும்பி வந்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அது எந்தப் பூச்சியைப் பிடிக்கிறது, அந்தப் பூச்சி எந்தச் செடியில் இருந்தது என்று இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.