ஆணுடலும் தமிழிலக்கியத்தின் மௌனமும்

தமிழிலக்கியம் பெண்ணுடலை வருணித்த முறை பற்றி விமர்சகர் பலர் எழுதியுள்ளனர். ஆணுடல் அதே அளவிற்கு ஆராயப்படவில்லை. நமது மரபு ஆணுடலைப் பற்றி எவற்றைச் சொன்னது, எவற்றைச் சொல்லாது விட்டது, அம்மௌனம் கண்டிப் பிரதேசத்துத் தமிழிளைஞனை இன்று எவ்வாறு பாதிக்கின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கச் செய்யுள்களை வீரயுகப் பாடல்களாகக் கண்டு 1968இல் நூல் வெளியிட்டவர் பேராதனையிற் கற்பித்த க. கைலாசபதி. அவ்வீரயுகத்தில் ஆணுடல் என்பது பெரும்பாலும் தோளும் மார்புமே. மார்பிற் பட்ட புண் புகழ். முதுகிற் பட்ட புண் இழிவு. வெண்ணிப் போரில் முதுகிற் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூற்றின் 65ஆம், 66ஆம் பாடல்கள் பேசுகின்றன. தன்னுடலில் ஏற்பட்ட ஒரு வடுவுக்காக ஒருவன் உயிர்விடுவதை மரபு மானம் எனப் போற்றியது. அது போர்க்களத்து அறம். போர்க்களம் மறைந்த பின்னரும் அந்நாணம் மறையவில்லை. உடலின் வேறிடங்களுக்குப் பெயர்ந்து கொண்டது.

புகழேந்தியின் நளவெண்பாவிலே கார்க்கோடகன் தீண்டியதால் உருக்குலைந்த நளன் வாகுகனாகின்றான். அழகற்ற உடல் அங்கு ஒரு வேடம் மட்டுமே; கதை முடியுமுன் அது களையப்பட வேண்டும். அவ்வுடலோடேயே ஒருவன் மதிப்புடன் வாழலாம் என்பதைக் காவியம் எண்ணிப் பார்க்கவில்லை. மறுபுறத்தில், பட்டினத்தார் போன்றோர் உடலை அழியும் பொருளாகவும் அருவருக்கத்தக்கதாகவும் பாடினர். வீரனின் உடல், பிணமாகப் போகும் உடல் என்னும் இவ்விரண்டிற்கும் இடையில், நாள்தோறும் கழுவிப் பேணவேண்டிய சாதாரண உடலுக்கு இடமில்லாது போயிற்று.

அவ்விடத்தை விளம்பரம் பிடித்துக் கொண்டது. சுவரொட்டிகளிலும் பத்திரிகைப் பத்திகளிலும் காணப்படும் ‘ஆண்மைக் குறைவு’, ‘இழந்த சக்தி’ முதலிய தொடர்களை ஓர் இலக்கிய வகையாகவே கொண்டு ஆராயலாம். அது வாசகனை ‘அன்பரே’ என விளிக்கின்றது. அவன் கேளாத கேள்வியை அவனுக்காகக் கேட்கின்றது. அச்சத்தை ஊட்டியபின் அதற்கு மருந்தும் விற்கின்றது. அதன் வேர் பழையது. உணவின் சாரம் படிப்படியாகத் திரிந்து ஏழாந் தாதுவாகிய சுக்கிலமாகின்றது என்பது சித்த மருத்துவக் கருத்து. இதனைச் சார்ந்தே, விந்து கழிதல் உயிர் கழிதல் என்னும் பொதுமக்கள் அச்சம் வளர்ந்தது. இந்திய உளமருத்துவர் என். என். விக் 1960இல் இவ்வச்சத்திற்குத் தாது என்னும் சொல்லைக் கொண்டே பெயரிட்டார். ஆயுர்வேதக் கருத்துகள் இலங்கையரின் மனத்தில் ஏற்படுத்தும் தாக்கத்தைக் கணநாத் ஒபயசேகர 1976இல் ஆராய்ந்தார். இலங்கை ஆண்களிடையே காணப்படும் விந்திழப்பு அச்சம் குறித்த மருத்துவ ஆய்வொன்று 1989இல் வெளிவந்தது. உறக்கத்தில் விந்து வெளிப்படுதல் இயற்கை. உடல் அதனை இடையறாது உண்டாக்குகின்றது. உறுப்பின் அளவு ஆளுக்காள் வேறுபடும். விதைகளுள் ஒன்று சற்றுத் தாழ்ந்திருப்பதும் வழமையே. இச்சிறு உண்மைகளை எளிய தமிழில் எவரும் சொல்லாமையே அவ்விளம்பரத்தின் மூலதனம்.

மலையகத்தில் இம்மௌனத்தோடு இடநெருக்கடியும் சேர்கின்றது. லயத்தின் ஓர் அறைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு உறங்கும் குடும்பத்தின் அவலத்தைத் தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ சிறுகதையில் எழுதினார். கதவடைத்துக் குளிக்க இடமின்றிப் பலர் பார்க்கப் பீலியில் நீராடுபவன், தன்னுடலைத் தானே பார்த்தறிவது எவ்வாறு? முன்தோலைப் பின்தள்ளி நீரால் மென்மையாகக் கழுவுதல் என்னும் எளிய பழக்கத்திற்குக்கூடச் சிறிது தனிமை வேண்டும். நம் விமர்சனம் தோட்டத்தொழிலாளியின் உழைப்பைப் பேசியது. உழைக்கும் அவனுடலின் தனிமையைப் போதியளவு பேசவில்லை.

இப்பொருள் வைத்தியத்துக்குரியது, இலக்கியத்துக்குரியதன்று எனச் சிலர் வாதிடலாம். ஆனால் வைத்தியரிடம் செல்பவன் முதலில் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டியுள்ளது. கண்டியிற் பல வேளைகளில் அச்சொல்லைச் சிங்களம் பேசும் வைத்தியரிடம் சொல்ல நேர்கின்றது. சொந்த மொழியிலேயே நாணமின்றிச் சொல்லப் பழகாதவன் பிறமொழியில் எதனைச் சொல்வான்? தாமதத்தின் விலை பெரிது. விதையிலே திடீரெனக் கடும்வலி தோன்றினால் அது முறுக்கிக் கொண்டிருக்கக்கூடும். ஏறத்தாழ 6 மணி நேரத்துள் சத்திரசிகிச்சை செய்யாவிடின் அதனை இழக்க நேரலாம். விதையிற் காணும் வலியற்ற கட்டி, 15 முதல் 35 வரையான வயதினரை மிகுதியும் தாக்கும் புற்றுநோயாக இருக்கலாம். காலத்தோடு கண்டால் அது பெரும்பாலும் குணமாகும். முன்தோலில் அடிக்கடி தோன்றும் அழற்சி நீரிழிவின் அறிகுறியாகவும் அமையலாம். பாலியல் நோய்களுக்குக் கண்டியிலுள்ள அரச சிகிச்சை நிலையம் கட்டணமின்றி, இரகசியம் பேணிச் சிகிச்சை அளிக்கின்றது. அதன் வாயிலைக் கடக்க முடியாமற் செய்வது பணமன்று, நாணமே.

மரபு முழுவதும் நமக்கு எதிரானதன்று. உடம்பை முன்னர் இழுக்கென்று எண்ணியிருந்த தாம், அதனுள்ளே உறுபொருளைக் கண்டபின் அதனைப் பேணுவதாகத் திருமூலர் தம் மனமாற்றத்தைக் கூறுகின்றார். வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அண்மைக் காலத்தில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010), பிள்ளையில்லாத காளி ஊராரின் ஏளனத்தாற் கூனிக் குறுகுவதை நேர்நின்று எழுதியது. 2014இன் இறுதியில் அந்நாவலுக்கு எழுந்த எதிர்ப்பு பெண்களின் மானம் பற்றியே பெரிதும் பேசியது. காளியின் நாணம் விவாதத்திற் பின்தள்ளப்பட்டது. விமர்சகரும் அதனைப் போதியளவு எடுத்துப் பேசவில்லை என்பது நோக்கற்பாலது.

1962 முதல் பேராதனையில் மருத்துவபீடம் இயங்குகின்றது. தமிழ்த்துறையும் அதே வளாகத்திலேயே உள்ளது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் பெரிதன்று. அங்குள்ள அறிவை இங்குள்ள மொழியிற் கூச்சமின்றி எழுதுவதும், அவ்வாறு எழுதுவோரை ஆபாசக்காரர் என ஒதுக்காது மதிப்பிடுவதும் தமிழ் பயில்வோரின் கடமையாகும். முதுகிற் புண்ணுக்காக வடக்கிருந்தவனைப் பாட நமக்குச் சொற்கள் இருந்தன. தன்னுடலுக்கு நாணி வைத்தியரை நாடாது வாளாவிருப்பவனோடு பேசவும் சொற்களை நாம் ஆக்கித் தரல் வேண்டும்.